மறு: குரூசிங் ஆர்.பி.எம். – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

குரூசிங் ஆர்.பி.எம். என்பது, கார் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு. அதற்கு இந்த இழையில் இதுவரை பயணவேகம், உலாவேகம், பொறிவேகம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் 'வேகம்' இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. கார் சாலையில் ஓடுகிற வேகம் வேறு, எஞ்சின் உள்ளே சுழல்கிற வேகம் வேறு. முதலாவது இன்னது என்றால் இரண்டாவது எவ்வளவு என்பதுதானே இங்கே கேள்வி? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசகர் முதல் வரியிலேயே தடுக்கி விழுவார்.

> உலாவேகம் என்பது கேட்க நன்றாக இருக்கிறதே?

நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் உலா என்றதும் மாடவீதியில் சாமி புறப்பாடு நினைவுக்கு வருகிறது. சொகுசுக் கப்பலுக்குப் பொருந்தும். 110-இல் போகிற காருக்கு ஒட்டாது. 'பொறி'யும் வேண்டாம் என்பேன். ஸ்பார்க் பிளக் தெறிப்பதும் பொறிதான், எலி மாட்டுவதும் பொறிதான். எஞ்சின் என்றே இருக்கட்டும்.

சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பதை ஒரு வண்டியை வைத்தே பார்த்துவிடலாம். செவ்ரோலே கார்வெட், ஆறாம் தலைமுறை. 2006 மாடலில் அதற்கு ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. ஆறாவது கியரின் விகிதம் 0.67, பின் அச்சின் விகிதம் 2.56. பெருக்கினால் ஏறக்குறைய 1.72. பின் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் எஞ்சின் இரண்டு சுற்றுகூட முடிப்பதில்லை. டயர் 285/35 ஆர்19, சுற்றளவு சுமார் 2.14 மீட்டர். ஆக மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 780 தடவை சுற்றும். எஞ்சின் 1,330, 1,340 பக்கம் நிற்கும். ஆறு லிட்டர் வி8, 400 குதிரைத்திறன்!

இதே வேகத்தில் இப்போதைய மாஸ்டா எம்எக்ஸ்-5 மேனுவல் 17 அங்குலச் சக்கரத்தோடு 2,450-ஐத் தாண்டும். அதில் ஆறாவது கியர் 1.000, பின் அச்சின் விகிதம் 2.866. சின்ன எஞ்சின், கையிருப்பு முறுக்குவிசை குறைவு, அதனால் சுற்று கூடுதல்.

புதிதாக ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் ஆர்.பி.எம். முள் 1,300-இல் கிடப்பதைப் பார்த்து, கியர்பாக்ஸில் ஏதோ கோளாறு என்று பதறுவதுண்டு. பதற ஒன்றுமில்லை. சமதரையில் 100-இல் அப்படியே போய்க்கொண்டிருக்க அந்த கார்வெட்டுக்குச் சுமார் 20 குதிரைத்திறன் போதும். அந்த இருபதைக் குறைந்த சுற்றில் எடுத்தால், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் கூடுதலாகத் திறந்திருக்கும். காற்றை இழுக்க எஞ்சின் படும் பாடு குறையும், உராய்வு குறையும், பெட்ரோல் மிச்சம், காதுக்கும் நிம்மதி. முந்த வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சரி, கியர்பாக்ஸே இரண்டு மூன்று கியர் கீழே இறங்கிக்கொள்ளும்.

அதனால் என் பரிந்துரை சீரோட்டச் சுற்று. வேகம் ஏறாமல் இறங்காமல் ஓடுவது சீரோட்டம். 'சுழற்சி'யைத் தவிர்த்ததற்குக் காரணம், நான்கு வீச்சு எஞ்சினைப் பற்றி எழுதும்போது அது 'சைக்கிள்' என்ற வேறு பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது. 'சுற்று' அப்படியல்ல, "வண்டி 1,300 சுற்றில் ஓடுது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னாலும் புரியும்.

---

சீரோட்டம் அருமை. 'சுற்று'தான் உதைக்கிறது. நாம் பேசுவது ஸ்போர்ட்ஸ் கார். பந்தயச் செய்திகளில் சுற்று என்றால் லேப். "ஐம்பதாவது சுற்றில் முந்தினார்" என்று தினமும் எழுதுகிறோமே?

அப்புறம் இன்னொன்று. ஆட்டோமேட்டிக்கில் ஒரே கியரில், ஒரே வேகத்தில் போகும்போதே முள் திடீரென்று நூறு, இருநூறு மேலே ஏறுகிறது. இரண்டில் எது சீரோட்டச் சுற்று?

---

இரண்டுமே நல்ல கேள்விகள்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முள் ஏறுவது டார்க் கன்வெர்ட்டரின் வேலை. அதற்குள் எஞ்சின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயைச் சுழற்ற, அந்த எண்ணெய் கியர்பாக்ஸ் பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நடுவில் கொஞ்சம் நழுவும். சீராக ஓடும்போது லாக்-அப் கிளட்ச் இரண்டையும் இறுக்கிப் பிணைத்துவிடும், நழுவல் நின்றுவிடும். லேசான மேடு வந்து, நாம் கொஞ்சம் அழுத்தினால் கிளட்ச் விட்டுவிடும். கியர் மாறாமலே முள் ஏறும். மேலே நான் போட்ட கணக்கு பிணைந்த நிலைக்குத்தான் செல்லும். அதனால் வரையறையில் "பிணைந்த நிலையில்" என்று சேர்த்தே ஆக வேண்டும்.

போர்ஷே 911-இன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. ஆனால் 2011-இல் வந்த 991 தலைமுறையில் வேறொரு சிக்கல்: ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கிளட்ச் பிரிந்து, எஞ்சின் ஐடிலிங்குக்கு இறங்கிவிடும், கார் பாட்டுக்கு உருளும். அந்தச் சுற்றை நம் சொல்லுக்குள் சேர்க்கக் கூடாது. அதே காரில் உச்சவேகம் ஆறாவது கியரிலேயே கிடைத்துவிடும்; ஏழாவது இருப்பதே சுற்றைக் குறைத்து நிதானமாக ஓடத்தான். சீரோட்டச் சுற்று என்று அங்கே சொல்ல வேண்டியது ஏழாவதில் எஞ்சின் பிணைந்து ஓடுவதை.

லேப் குழப்பம் நியாயமானது. எனவே தலைச்சொல்லாகச் சீரோட்டச் சுற்றுவீதம் என்று வைப்போம். வீதம் என்றாலே நிமிடக் கணக்கு வந்துவிடுகிறது. எண்ணோடு வரும் இடங்களில் 'சுற்று' என்று சுருக்கிக்கொள்ளலாம். 1,300 லேப் யாரும் ஓட்டப்போவதில்லை.

மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். லாக்-அப்புக்குப் 'பிணைப்பு' போதுமா, 'பூட்டு' வேண்டுமா என்பதைத் தனி இழையில் தொடருங்கள்.