பதினோரு ஆண்டுக் கணினியை எப்போது மாற்றுவது?

பாலக்கோட்டான் (கேள்வி):

வணக்கம். பாலக்கோட்டில் சிறிய நகலகம் நடத்தி வருகிறேன். சான்றிதழ் விண்ணப்பம், பட்டா நகல், கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம் ஆகியவற்றோடு, முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பும் உண்டு. கடையில் இருப்பது 2015இல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ3 கணினி; 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, வாசல் தெளித்து, ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சென்ற வாரம் மாரண்டஅள்ளியிலிருந்து வந்த ஒரு பாட்டியின் கைபேசிக்கு ஓடிபி வந்து, அதை நான் அடிக்க வேண்டிய பக்கம் திறப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது. மூன்று முறை இப்படியே ஆனதும், "நாளைக்கு வரட்டுமா சாமி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ராம் கூட்டினால் போதும் என்கிறார் பழுது பார்ப்பவர். புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறான் மகன். தீபாவளித் தள்ளுபடி வரை பொறுக்கச் சொல்கிறார் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது?

ராயக்கோட்டை மெக்கானிக்:

மூவர் சொல்வதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் கணினியையே கேளுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வேலை நடக்கும்போது அதில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் நோய் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது. ராமும் நிரம்பி வழிந்தால், இடம் போதாமல் அது டிஸ்க்கையே ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் சேர்த்து உடனடி நிவாரணம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்புக் கருவியான சாட்டா எஸ்எஸ்டி. நாளை புதுக் கணினி வாங்கினாலும் அதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பணம் வீண் போகாது. ராம் அப்படியல்ல. உங்கள் போர்டு ஏற்பது டிடிஆர்3 என்ற பழைய ராம் வகை. புதிய போர்டு எதிலும் அது பொருந்தாது. எனவே பழைய குச்சி ஒன்று மலிவாகக் கிடைத்தால் போடுங்கள், புதிதாக வாங்காதீர்கள்.

பெட்டியைத் திறக்கும்போது பிராசசர் விசிறியையும் பாருங்கள். கிரானைட் பட்டறைக்கு எதிரே இருந்த ஒரு கடையின் கணினியில், விசிறி இதழ்களுக்கும், பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்குக்கும் இடையில் கல்தூள் அடை தட்டியதுபோல் படிந்திருந்தது. அதைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாக வைத்ததோடு அடிக்கடி அணைந்து போவது நின்றது.

ஆனால் வேகம் பாதிக் கதைதான். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. வீட்டுப் பயனர்களுக்கு என அறிவித்த ஓராண்டு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். உங்களுடையது நான்காம் தலைமுறை. சொந்தப் படங்களை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக் கணினியாக இருந்தால் இன்னும் ஓராண்டு தள்ளலாம் என்பேன். நீங்களோ பிறருடைய ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறீர்கள்.

எனவே இப்போது எஸ்எஸ்டி, ஏப்ரலில் புதுக் கணினி. மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் உங்கள் கடையில் வரிசை நிற்கும். புது இயந்திரத்தில் கைரேகைக் கருவிக்கும் பிரிண்டருக்கும் டிரைவர் தேடி அலைவதை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. தீபாவளிக்குக் காத்திருப்பதிலும் லாபம் தெரியவில்லை: செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால், 2025 கடைசி மாதங்களிலிருந்தே ராம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது.

காவேரிப்பட்டணம் மாணவி:

அண்ணா, பயன்படுத்திய கணினி வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பெங்களூரு எஸ்பி ரோட்டில் ஒரு கடையில், "விண்டோஸ் 11 போட்டே தருகிறோம்" என்றதை நம்பி என் அப்பா ஒன்று வாங்கி வந்தார். உள்ளே இருந்தது ஐ5-6500, அதாவது ஆறாம் தலைமுறை. தகுதிச் சோதனையைத் தாண்டிச் சென்று நிறுவியிருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய புதுப்பிப்பு அதற்குத் தானாக வரவே இல்லை. பிராசசர் பெயரில் கோட்டுக்குப் பின் வருவது, 8500 போல எட்டிலோ, 10400 போல பத்திலோ, அதாவது எட்டிலோ அதற்கு மேலோ தொடங்கும் எண்ணா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

அரூர்க் கணக்கன்:

வரிக்காக நாள் பார்க்க வேண்டாம் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம்; நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. 40,000 ரூபாய்க் கணினியை மார்ச்சில் வாங்கினால் அந்த ஆண்டுக் கணக்கில் 8,000, ஏப்ரலில் வாங்கினால் அடுத்த ஆண்டுக் கணக்கில் 16,000 கழியும். ஆனால் விற்றுவரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் அனுமான முறையில் நீங்கள் கணக்குக் கொடுத்தால், தேய்மானம் தனியாகக் கழியாது. பில்லில் உள்ள 18 சதவீத ஜிஎஸ்டியும், வழக்கமான முறையில் பதிவு பெற்றிருந்தால் மட்டுமே வரவாகக் கிடைக்கும்.

பாலக்கோட்டான்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பார்த்தபோது டிஸ்க் 100இலேயே நின்றது. டிஸ்க்கின் உடல்நிலை பார்க்கும் மென்பொருளும் மஞ்சள் எச்சரிக்கை காட்டியதால், முதல் வேலையாகப் பத்தாண்டுப் பத்திரிகைக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டேன். எஸ்எஸ்டிக்குச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் வாரம் புதுக் கணினி. பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய எழுத்துருக்களும் பழையதில்தான் என் கைக்குப் பழகியிருக்கின்றன. அதன் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பத்திரிகை வேலைக்கு மட்டும் ஓரமாக வைத்துக்கொள்ளப் போகிறேன். எஸ்எஸ்டியை அதிலேயே விட்டுவிட்டால் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே, மெக்கானிக் அண்ணா?