மறு: கிளாடிங் – ‘சுவர்க்கவசம்’ வேண்டாம், ‘சுவர்ப்போர்வை’ சரியாக இருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வெளிப்புறத்தில் கல்லும் அலுமினியத் தகடும் மாட்டுகிறார்களே, அந்தக் கிளாடிங்கைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இங்கே வந்த மூன்று சொற்களையும் படித்தேன்: மேற்பூச்சு, சுவர்க்கவசம், திரைச்சுவர். மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரைக்குடியில் கட்டட வேலையோடு பழகியவன் என்பதால் கொத்தனார்களின் வினைச்சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்பைப் பல தடவை பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். அது பூச்சு. நாளடைவில் சுவரோடு சுவராகிவிடும். ஆத்தங்குடிக் கல்லைக் கலவை போட்டுத் தரையில் பதிக்கிறோம். அது பதிப்பு. கிளாடிங் இந்த இரண்டிலும் சேராது. பல மாடி உயரத்தில் கிரானைட்டை வெறும் கலவையில் ஒட்டினால், வெயிலிலும் மழையிலும் பிடி விட்டுக் கழன்று விழும் ஆபத்து உண்டு. அதனால் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளில் மாட்டுகிறார்கள். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக வழி இருக்கும். அலுமினியத் தகடு என்றால் மூட்டுகளிலும் இடம் விட வேண்டும். 3 மீட்டர் தகடு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும்.

மேலே கிடக்கிறது, உடம்போடு ஒட்டவில்லை, வேண்டும்போது எடுத்து மாற்றலாம். இதை நாம் போர்வை என்றுதானே சொல்வோம்? சுவர்ப்போர்வை என்றால் வினையும் கூடவே வந்துவிடுகிறது: கல் போர்த்திய சுவர், தகடு போர்த்தும் வேலை, போர்வையைக் கழற்றுவது. சங்கப் பாடல்களில் யாழின் மேல் பொதிந்த தோலும் போர்வைதான். எனக்கு மிகவும் பிடித்த சான்று அது.

கவசம் என்பதை முன்மொழிந்த அம்மா, மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தைச் சொல்லியிருந்தார்கள். அழகான ஒப்புமை, கழற்றக்கூடியதும்கூட. ஆனால் கவசம் என்றாலே காக்கும் என்று பொருள். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர் எரிந்ததில் 72 பேர் இறந்தார்கள். அங்கே வெளியே மாட்டியிருந்தது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பாலிஎத்திலீன் என்ற எரியக்கூடிய பிளாஸ்டிக்கை வைத்த பலகை. தீ கட்டடத்தின் வெளிப்பக்கமாகவே மேலே ஏறியதற்கு அதுதான் முதன்மைக் காரணம். நம் ஊர்க் கடை முகப்புகளிலும் ‘ஏசிபி ஷீட்’ என்று இதே வகைப் பலகையை மாட்டுகிறார்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று வாங்குபவர் கேட்க வேண்டிய பொருளுக்கு, கேட்காமலே நம்பச் சொல்லும் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

திரைச்சுவர் நல்ல சொல். அதைக் கர்ட்டன் வாலுக்கே விட்டுவிடுவோம். போர்வைக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கும். கர்ட்டன் வாலுக்குப் பின்னால் சுவரே இல்லை. கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் சேர்ந்து அதுவே வெளிச்சுவர். மாடியின் பாரத்தைத் தாங்காது. தன் எடையையும் காற்றின் தள்ளுதலையும் தளத்தின் விளிம்புக்குக் கொடுத்துவிடும்.

அப்புறம், போர்வைக்குப் பின்னால் உள்ள இடைவெளிக்கும் ஒரு சொல் வேண்டும். ‘காற்றிடை’ என்று வைத்திருக்கிறேன். அந்த இடைவெளி வழியே தீ மேலேறாமல் மாடிக்கு மாடி வைக்கும் தடுப்புக்கு ‘தீயடைப்பு’ சரிவருமா? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.