உள்வாடகையில் இருப்பவர், கட்டடக்காரர் தொடுத்த வழக்கில் சேர முடியுமா?

கேட்பவர்: பின்கட்டுப் பட்டறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கட்டடத்தின் பின்கட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் கொலுசு பற்றவைக்கும் பட்டறை நடத்துகிறேன். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவர் முன்கட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வாடகை, முன்பணம் எல்லாம் அவரிடமே கொடுத்தேன்.

எழுத்து ஒப்பந்தம் இல்லை, காலி செய்ய வேண்டும் என்று கட்டடக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். அறிவிப்பு அண்ணன் பெயருக்கு மட்டும் வந்திருக்கிறது. அவர் இரண்டு வாய்தாவுக்கும் போகவில்லை. மகன் ஓமலூரில் கடை பார்த்துவிட்டானாம். நான் பட்டறையில் இருப்பது கட்டடக்காரருக்குத் தெரியாதா? என் முக்காலியில் உட்கார்ந்து எத்தனை முறை தேநீர் குடித்திருப்பார்! போன வருடம் சாக்கடை அடைப்பு எடுக்க என்னிடம் அறுநூறு ரூபாய் வாங்கி, என் கணக்கு நோட்டில் கையெழுத்தும் போட்டார். என்னையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டா?

பதில்: பழைய குமாஸ்தா

கேட்கலாம் அம்மா. சேர்ப்பதும் விடுவதும் நீதிமன்றத்தின் விருப்பம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் கட்டளை, பத்தாம் விதி இதற்குத்தான் இருக்கிறது. ஆனால் உள்வாடகைதாரர் இல்லாமலேயே வழக்கை முடிக்கலாம் என்பதே நெடுநாள் நிலை. 1964-இல் ரூப்சந்த் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது: வாடகைதாரர் மீது பிறக்கும் தீர்ப்பு, வழக்கில் பெயர் இல்லாத உள்வாடகைதாரரையும் கட்டுப்படுத்தும். நாளை காலி செய்யவைக்க நீதிமன்ற ஊழியரான அமீனா வந்தால் ‘எனக்கு நோட்டீஸ் வரவில்லை’ என்று நிற்க முடியாது. அண்ணன் வழக்காடாமல் விட்டதை மட்டும் வைத்து அவரும் கட்டடக்காரரும் கூடிச் செய்த சதி என்று சொல்லவும் முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முந்தைய 1960 சட்டத்திலும் இதே கதைதான். இப்போதைய மனுவில் உள்வாடகை பற்றிப் பேச்சே இல்லை. ‘நான் உள்வாடகைதாரர்’ என்று நீங்களே போய் மனுப் போட்டால், கட்டடக்காரருக்கு இரண்டாவது காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பீர்கள். தேநீர் குடித்தது அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி. ஒப்புதலுக்குச் சாட்சி அன்று. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பதில்: ஏற்காட்டுக் கடைக்காரர்

நானும் ஏரிக்கரைப் பக்கம் உள்வாடகைக் கடையில் இருந்தவன். மனுப் போட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். கடை நிற்கவில்லை, நான்கு மாத அவகாசம் கிடைத்தது. சரக்கை வேறிடம் மாற்ற அது போதும். மலையிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறியதுதான் கொடுமை! உங்களுக்கு நீதிமன்றம் பக்கத்தில்தானே இருக்கிறது அக்கா. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். முன்பணத்தை அண்ணனிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். ஓமலூர் போய்விட்டால் பிடிக்க முடியாது.

கேட்பவர்: பின்கட்டுப் பட்டறை

நோட்டைப் பார்த்தேன் ஐயா. ‘சாக்கடைக்கு 600 பெற்றேன்’ என்று மட்டும் இருக்கிறது. ‘பட்டறை’ என்ற சொல்லே இல்லை. நான்தான் வீணாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நாளை அஸ்தம்பட்டி போகிறேன். இடத்தைக் காப்பாற்ற அன்று, அவகாசம் கேட்க. ஆடி பிறந்துவிட்டால் புது இடத்துக்குப் பால் காய்ச்ச என் மாமியார் விடமாட்டார். ஆவணி வரை கிடைத்தால் போதும். அண்ணனுக்குப் பதிவுத் தபால் எழுதிவிட்டேன், கை நடுங்கியது.

பட்டறைத் தரை வேறு இருக்கிறது. அரம் போட்ட வெள்ளிப் பொடி ஒன்பது வருடமாகச் சிமெண்ட் வெடிப்புகளில் இறங்கிக் கிடக்கிறது. பெருக்கிய மண்ணைக் கழுவி வெள்ளி எடுப்பவர் வந்து பார்த்துவிட்டு, மேல்பூச்சைப் பெயர்த்தால்தான் முழுதும் கிடைக்கும் என்றார். தரை கட்டடக்காரருடையது ஆயிற்றே, பெயர்க்க முடியுமா? தென்னந்துடைப்பக் குச்சியால் வெடிப்பு வெடிப்பாகக் கிண்டிக்கொண்டிருக்கிறோம்.