ஆல்-இன்-ஒன்னா, தனி மானிட்டரா? வாங்கியவர்களும் பிரித்துப் பார்த்தவர்களும் சொல்வது

தஞ்சைக் கணக்கு

வணக்கம். வரிக் கணக்கு பார்க்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. மூன்று கணினிகளை மாற்ற வேண்டும். இருப்பவை விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழசு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் உள்ளே வைத்துக்கொண்டு அதிலேயே ஓட்ட மனம் வரவில்லை.

உள்ளூர்க் கடையில் இரண்டு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஆல்-இன்-ஒன் (திரைக்குள்ளேயே கணினியும் அடங்கியது) என்றால் 24 அங்குலத் திரை, ஐ3 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் உள்ளேயே போட்டு வரும், ஐம்பத்தைந்தாயிரத்தை ஒட்டி. தனித்தனியாக என்றால் அதே ஐ3, அதே ராம், 24 அங்குல மானிட்டர், கேபினட், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்துக்குள். விண்டோஸ் உரிமம் தனி. ராம் விலை ஏறியதால் இரண்டுமே போன வருடத்தைவிடக் கூடுதல்தான் என்கிறார் கடைக்காரர்.

டாலி கணக்கு மென்பொருள், எக்செல், வருமான வரி போர்ட்டல். வேலை அவ்வளவுதான். ஆல்-இன்-ஒன் வாங்கியவர்கள், நாலைந்து வருடம் கழித்து அது என்ன ஆனது என்று சொன்னால் உதவியாக இருக்கும். புதிதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

ரிச்சி தெரு சர்வீஸ்

சார், இரண்டு தாளிலும் 'ஐ3' என்று இருப்பதை வைத்து இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ப்ராசஸர் எண்ணின் கடைசியில் 'யு' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது லேப்டாப் சிப். ஐ3 1215யு 15 வாட் கணக்கில் ஓடுவதற்காகச் செய்தது. மேசைக் கணினிக்கான ஐ3 12100-க்கு அந்தக் கணக்கு 60 வாட். டாலிக்கு இரண்டுமே தாராளம், அதில் சந்தேகமில்லை. ஆனால் விலை குறைந்த ஆல்-இன்-ஒன்னைத் திறந்தால் உள்ளே இருப்பது அநேகமாக லேப்டாப் போர்டு, லேப்டாப் ராம், லேப்டாப் ஃபேன். கரண்டும் வெளி அடாப்டர் வழியாகத்தான் வரும். பேட்டரி ஒன்றுதான் இல்லை.

சமீபத்தில் ஒன்று வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரருடையது, வெள்ளை நிறம், 21 அங்குலம். சுவிட்ச் போட்டால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, விண்டோஸ் சத்தமும் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. தனி மானிட்டராக இருந்தால் பக்கத்து மானிட்டரைச் செருகிப் பார்த்து, கோளாறு எங்கே என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இதில் கடை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்தேன். மங்கலாக ஐகான்கள் தெரிந்தன. அப்படியென்றால் படம் வருகிறது, பின்விளக்குதான் போய்விட்டது.

திறப்பது அடுத்த பாடு. டவல் விரித்துத் திரையைக் குப்புறப் போட்டு, ஸ்டாண்டைக் கழற்றி, ரப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் ஓட்டிக்கொண்டே வர வேண்டும். கிளிப்புகள் 'டிக், டிக்' என்று ஒவ்வொன்றாக விடும். மூலையில் கொஞ்சம் அழுத்திவிட்டால் பேனலில் விரிசல். அது நம் கணக்கில் போகும். இத்தனையும் செய்து பார்த்தால் பேனலையே மாற்ற வேண்டும் என்று தெரிந்தது. பேனலும் கூலியும் சேர்த்து ஒன்பதாயிரம் சொன்னேன். "புது மானிட்டரே எட்டாயிரம்தானே அண்ணா" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் மானிட்டர் கம்பெனிகள் லட்சக்கணக்கில் செய்கின்றன, இந்த மாடலுக்கான பேனலைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? அதன் பின்னால் எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தது. ஒரு மானிட்டர் வாங்கி அதில் மாட்டிவிட்டார். இப்போது அவர் மேசையில் புது மானிட்டர், அதற்குப் பின்னால் செத்த திரையோடு ஒரு சிபியு.

நெல்லைப் பல் மருத்துவம்

ரிச்சி தெரு அண்ணா சொல்வது சரிதான். ஆனால் அவரிடம் வருவதெல்லாம் கெட்டுப்போனவைதானே? நல்லபடி ஓடுவதையும் ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் கிளினிக் வரவேற்பு மேசையில் ஆல்-இன்-ஒன்தான் இருக்கிறது, 2019-இலிருந்து. அந்த மேசையின் அகலமே இரண்டடி. முன்பு சிபியு கீழே இருந்தது. காத்திருக்கும் குழந்தைகள் காலால் உதைப்பதும், துடைக்க வரும் அக்காவின் மாப் பட்டு வயர் கழன்று பாதி பில்லில் மெஷின் அணைவதும் வாடிக்கை. இப்போது ஒரே வயர். தினமும் ஸ்பிரிட் போட்டு மேசையைத் துடைக்கிற இடத்தில் அது எவ்வளவு நிம்மதி என்று அங்கே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

விலை வித்தியாசத்தையும் கூட்டிப் பாருங்கள் சார். அசெம்பிள் மெஷினில் கேமரா கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, விலை குறைந்த போர்டு என்றால் வைஃபையும் கிடையாது. கேமராவுக்கு ஆயிரத்து ஐநூறு, ஸ்பீக்கருக்கும் வைஃபைக்கும் ஓர் ஆயிரம், விண்டோஸ் உரிமம் முறையாக வாங்கினால் அதுவே பல ஆயிரம். உங்கள் பத்தாயிரம் வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும்.

கெட்டது என்று பார்த்தால் அடாப்டர் போனது. வேறு வாங்கி மாட்டினோம். அப்புறம் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டோம், அன்றிலிருந்துதான் வேகம்.

திருப்பூர் டிசைனர்

நான் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போடுகிறவன். இங்கே எல்லோரும் ஆல்-இன்-ஒன் என்றால் விலை கூட, தனி என்றால் விலை குறைவு என்றே பேசுகிறீர்கள். திரை உயர்ந்த ரகமாக இருந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

2014 அக்டோபரில் ஆப்பிளின் ஆல்-இன்-ஒன்னான ஐமேக், 27 அங்குல 5கே திரையோடு வந்தது. 5120-க்கு 2880 புள்ளிகள், விலை 2,499 டாலர். அதற்கு ஒரு மாதம் முன்புதான் டெல் தன் 27 அங்குல 5கே மானிட்டரை அறிவித்திருந்தது. அதற்கும் ஏறக்குறைய அதே விலை! மானிட்டர் மட்டும். அதை முழுத் துல்லியத்தில் ஓட்ட இரண்டு டிஸ்ப்ளே போர்ட் கேபிள் செருக வேண்டும். ஆப்பிள் அந்தத் திரையைக் கொடுத்து, கணினியை இலவசமாக உள்ளே வைத்துக் கொடுத்தது என்றே சொல்லலாம். டெல் பிறகு விலையைக் குறைத்தது வேறு கதை. அந்த ஐமேக்கைத்தான் நான் கொஞ்சம் தாமதமாக, ஒருவர் பயன்படுத்தியதாக வாங்கினேன். துணியின் இழை வரைக்கும் தெரியும் திரை. ராம் ஏற்றுவதற்குப் பின்பக்கம் சின்னக் கதவும் இருந்தது, 21.5 அங்குலக்காரர்களுக்கு அதுவும் இல்லை.

ஆனால் அதற்கான மேக்ஓஎஸ் புதுப்பிப்பு பிக் சர் பதிப்புடன் நின்றுவிட்டது. டிசைன் மென்பொருள்களின் புதிய பதிப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. திரைக்கு ஒரு குறையும் இல்லை. சரி, மானிட்டராகவாவது வைத்துக்கொள்ளலாம் என்றால், 2009 கடைசியிலிருந்து 2013 கடைசிவரை வந்த 27 அங்குல ஐமேக்குகளில் இருந்த அந்த வசதி, 5கே வந்ததும் எடுக்கப்பட்டுவிட்டது. அத்தனை புள்ளிகளை அந்தக் காலத்துத் தண்டர்போல்ட் 2 கேபிள் ஒன்றால் சுமக்க முடியாது.

2022 மார்ச்சில் 27 அங்குல ஐமேக்கையே நிறுத்தினார்கள். அதே நாளில் ஸ்டுடியோ டிஸ்ப்ளே என்று 27 அங்குல 5கே மானிட்டரை அறிவித்தார்கள். இந்தியாவில் 1,59,900 ரூபாய், கணினி இல்லாமல். எம்4 ஐமேக் 24 அங்குலம் வந்தபோது தொடக்க விலை 1,34,900. திரை இல்லாத சின்னப் பெட்டியான எம்4 மேக் மினிக்கு அப்போது 59,900. இப்போது என்னிடம் இருப்பது மினியும், வேறு கம்பெனியின் 27 அங்குல 4கே மானிட்டரும். இரண்டும் சேர்ந்தே ஐமேக் விலைக்குக் கீழேதான். திரை பழைய 5கே அளவுக்கு இல்லை, அதை மறைக்க மாட்டேன்.

யாழ் அச்சகம்

எங்களுக்கு 2022-இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம் ஒன்று வந்தது. அப்போது கடையில் கோபுரக் கணினி (நிமிர்ந்து நிற்கும் தனிப் பெட்டி) ஒன்றும் ஆல்-இன்-ஒன் ஒன்றும் இருந்தன. ஒரே அளவு யுபிஎஸ்தான் இரண்டுக்கும். கோபுரம் கோப்பைச் சேமிக்க மட்டும் நேரம் தரும். ஆல்-இன்-ஒன்னில் ஒரு கலியாணக் கார்ட்டை முடித்துக் கொடுத்துவிடலாம். திரையும் சேர்த்தே குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் இன்வேர்ட்டருக்கும் பாரமில்லை. விலை பற்றிக் கேட்காதேங்கோ. அந்த வருடம் ரூபாய் விழுந்ததில் இங்கே எந்தப் பொருளின் விலையையும் ஒப்பிட முடியவில்லை.

மதுரை இ-சேவை

தஞ்சை சார், ஏன் இரண்டில் ஒன்று என்று நிற்கிறீர்கள்? மூன்றாவது வழி இருக்கிறது. கம்பெனிகள் கழிக்கும் மினி பிசிக்கள்: டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி. பெரிய புத்தகம் ஒன்றின் அளவுதான் இருக்கும். நல்ல மானிட்டராகப் பார்த்து வாங்கினால் அதன் முதுகில் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு ஸ்க்ரூ ஓட்டை இருக்கும். அதில் ஒரு தகடு மாட்டி மினி பிசியைப் பின்னாலேயே தொங்கவிட்டால் மேசையில் ஒன்றும் தெரியாது. டைனியைச் செருகுவதற்கென்றே முதுகில் பள்ளம் வைத்த மானிட்டரும் லெனோவா விற்கிறது. எங்கள் மையத்தில் எல்லா இருக்கையிலும் இந்த ஏற்பாடுதான். ஒன்று படுத்துவிட்டால் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு போவோம், மானிட்டர் அங்கேயே நிற்கும். டோக்கன் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் வாங்க வேண்டாம். கடைக்காரர் "ஐ7 சார், ஐ7" என்பார். ஆறாம் தலைமுறை ஐ7-ஐ விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. எட்டாம் தலைமுறை ஐ3 கூட ஏற்கும். அப்புறம், ஆன் செய்து பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையில்) பாஸ்வேர்டு கேட்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஓசூர் டீலர்

விலை பேசுகிறவர்கள் 2023 ஆகஸ்ட் 3-ஐ மறந்துவிட்டீர்கள். லேப்டாப், டேப்லெட், ஆல்-இன்-ஒன், மிகச் சிறிய கணினி, சர்வர் இவற்றை இறக்குமதி செய்ய இனி உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்த நாள். சாதாரண கோபுர டெஸ்க்டாப் அந்தப் பட்டியலில் இல்லை, மானிட்டரும் இல்லை. மறுநாளே அவகாசம் கொடுத்து, பிறகு இறக்குமதிக்கு அனுமதி வாங்கும் முறையாகத் தளர்த்திவிட்டார்கள். ஆனால் அந்த வாரம் எனக்கு மொத்த வியாபாரிகளிடம் ஆல்-இன்-ஒன்னுக்கு ஒரு விலை கிடைக்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்பதே எல்லோருடைய பதிலும். ஒரு பள்ளிக்குக் கொடுத்திருந்த கொட்டேஷனைக் கோபுரமும் மானிட்டருமாக மாற்றி எழுதிக் கொடுத்தேன். அசெம்பிளில் ஒரு பாகம் கிடைக்காவிட்டால் வேறு கம்பெனி பாகம் போட்டுச் சமாளிக்கலாம். ஆல்-இன்-ஒன்னில் பெட்டி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

தஞ்சைக் கணக்கு

எல்லோருக்கும் நன்றி. வரிப் பக்கத்தை நானே சொல்லிவிடுகிறேன், என் தொழில் அது. ஜிஎஸ்டி இரண்டுக்கும் 18 சதவீதம்தான், அதனால் அதில் லாப நஷ்டம் இல்லை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு மட்டும் 28 இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18. வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் ஒவ்வொரு வருடமும் மிச்ச மதிப்பில் 40 சதவீதம். மூன்றாவது வருடக் கடைசியில் ஏட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் நிற்கும். திரை மட்டும் நன்றாக இருந்து என்ன பயன் என்று ஏடு கேட்காது. நான்தான் கேட்க வேண்டும்.

ரிச்சி தெரு அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஆபீஸில் மூலையில் 2015 வாக்கில் வாங்கிய பழைய ஆல்-இன்-ஒன் ஒன்று கிடக்கிறது. போர்டு போய்விட்டது என்று அப்போதே சொன்னார்கள். திரை பளிச்சென்று இருந்தது. அதை மானிட்டராக்க முடியுமா?

ரிச்சி தெரு சர்வீஸ்

முடியும் சார், பேனல் உயிரோடு இருந்தால். பின்பக்கத்தைத் திறந்தால் பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எழுத்தும் எண்ணும் கலந்த மாடல் எண் இருக்கும். கணினியின் மாடல் எண் வேண்டாம், பேனலின் எண்தான் வேண்டும். அதற்குப் பொருந்தும் கன்ட்ரோலர் போர்டு (வெளியிலிருந்து வரும் படத்தைப் பேனலுக்கு ஏற்றபடி கொடுப்பது) இந்தத் தெருவில் இரண்டாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும்; எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டும் அதிலேயே இருக்கும். அந்தக் காலத்து 21 அங்குலங்களில் பேனலுக்குப் படம் கொண்டுபோவது பெரும்பாலும் 30 முள் எல்விடிஎஸ் கேபிள்தான். பின்விளக்குக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதையும் பேனல் எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். தவறான வோல்ட் கொடுத்தால் பேனல் கருகிவிடும், அதனால் ஆன்லைனில் கண்ணை மூடிக்கொண்டு போர்டு வாங்க வேண்டாம். தொடுதிரை என்றால் தொடுதல் வேலை செய்யாது, படம் மட்டும் வரும்.

ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.