கும்பகோணத்துக்குள் சைக்கிள் தேடல் போட்டி: நடத்தலாமா, கூடாதா?

அரசலாற்றங்கரை:
நம் ஊர் சைக்கிள்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிறு காலை தேடல் போட்டி நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டில் ஆலிகேட் என்பார்கள். 1989ல் டொராண்டோவில், தபால் பையோடு கட்டடம் கட்டடமாக ஓடிக்கொண்டிருந்த கூரியர் பையன்கள் வேலை முடிந்தபிறகு தங்களுக்குள் வைத்துக்கொண்ட போட்டியில் இருந்து இந்தப் பெயர் பரவியது. புறப்படும்போதுதான் கையில் ஒரு தாள் தருவார்கள். போகவேண்டிய இடங்கள் அதில் இருக்கும், எதை முதலில் பிடிப்பது, எந்தச் சந்தில் நுழைவது என்பதெல்லாம் அவரவர் பாடு. ஒவ்வொரு இடத்திலும் முத்திரை வாங்க வேண்டும், அல்லது ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். நம்பர் அட்டையைச் சக்கரக் கம்பிகளுக்குள் செருகிக்கொள்வது வழக்கம்.

என் ஆசை, கல் சக்கரங்களைத் தேட வைப்பது. தாராசுரத்தில் முன்மண்டபமே தேர். நாகேஸ்வரன் கோயில் நடராஜர் மண்டபமும் தேர். சாரங்கபாணியில் கருவறையே குதிரையும் யானையும் இழுக்கிற தேர். எல்லாமே சைக்கிளில் எட்டுகிற தூரம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பெரியகடைத்தெரு:
வேண்டாம் தம்பி. ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்து வரும் நாளில் எங்கள் தெருவில் வந்து நின்று பாருங்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைத் துணியில் சுற்றி, மேல்பக்கம் ஒருவர் அடிப்பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பார்கள், பின்னாலேயே சீர்ப் பாத்திரத்தோடு ஒரு பாட்டி வருவார், எதிரே நவக்கிரகம் சுற்ற வந்த வேன் திரும்ப இடமில்லாமல் ஹாரன் அடிக்கும். அதற்கு நடுவே முதலில் போய் முத்திரை வாங்கணும் என்று நாற்பது பேர் பாய்ந்தால் யார் மேலாவது ஏறாமல் இருக்குமா? 2008ல் சிகாகோவில் இதே மாதிரி போட்டியில் ஒருவர் கார் மோதிச் செத்தே போனார். அப்புறம் வேர்க்க விறுவிறுக்கச் சன்னிதிக்குள் ஓடி, சக்கரத்தை எண்ணிவிட்டு வெளியே ஓடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. சாமி கும்பிட வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

எதிர்காத்து:
அண்ணே, இதில் ஜெயிப்பது வேகம் இல்லை, வழி. முப்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிளில் வருகிறவன் மகாமகக் குளத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பான், இதே ஊரில் பேப்பர் போடுகிற பையன் பொற்றாமரைக் குளத்துப் பக்கம் புகுந்து அதற்குள் அடுத்த இடத்துக்குப் போயிருப்பான். அவன் ஜெயிக்கிற மாதிரி வேறு எந்தப் போட்டி இருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவு ரோட்டில் ரேஸ் விடக்கூடாது என்பதும் மோட்டார் வண்டிக்குத்தான், சைக்கிளுக்கு இல்லை.

பெரியகடைத்தெரு:
அந்தப் பிரிவு இல்லாவிட்டால் என்ன, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சங்கிதையில் 281ஆவது பிரிவு இருக்கிறது. பொது வழியில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வண்டியை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை. இப்போது இதில் சைக்கிள் வராது என்று சொல்லுங்கள் பார்ப்போம். நடத்தியே ஆகணும் என்றால் ரோட்டை அடைத்து நடத்துங்கள்.

எதிர்காத்து:
அடைத்துவிட்டால் அது வேறு போட்டி. கூரியர்களுக்கான உலகப் போட்டியை 1993ல் பெர்லினில் தொடங்கினார்கள், அதையெல்லாம் அடைத்த பாதையில்தான் ஓட்டுகிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எந்தச் சந்து என்று நானே முடிவெடுக்கிற ருசி அதில் பாதிதான். ஊர் திறந்து கிடந்தால்தான் ஊர் தெரிந்தவனுக்கு மதிப்பு.

பட்டீஸ்வரம் டீச்சர்:
இரண்டு பேரும் சந்துகளைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆபத்து சந்தில் இல்லை, ‘முதலில் வந்தவருக்குப் பரிசு’ என்கிற விதியில் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம், இடத்துக்கு இடம் புள்ளி, தூரமான இடத்துக்குக் கூடுதல் புள்ளி என்று வையுங்கள். தாராசுரம் போய்வந்தால் ஊருக்குள் மூன்று இடம் விட்டுப்போகும், எது லாபம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். எதிர்காத்து தம்பி சொல்கிற ருசி அப்படியே இருக்கும். நேரம் முடியும்போது திரும்பி வந்து சேரணும் என்றும் வைக்காதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் தலைதெறிக்க ஓட்டுவார்கள். மணி அடித்ததும் யார் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே ஆட்டம் முடிந்தது.

முத்திரை போடும் இடத்தில் கட்டாயம் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். முன்னால் வந்த அரை நிமிடத்துக்கு அப்போது மரியாதையே இருக்காது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை என் மாணவிகள் பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டுகிறார்கள். படிப்பு முடிந்ததும் அது திண்ணை ஓரத்தில் துருப்பிடிக்கிறது. சொந்த ஊரில் ராமானுஜன் வீடு எந்தத் தெரு என்று கேட்டால் தெரியாது. இவர்களை நம்பி அனுப்புகிற மாதிரி விதி இருந்தால் நானே அழைத்து வருவேன், இல்லாவிட்டால் எந்த அம்மாவும் அனுப்ப மாட்டார்.

எதிர்காத்து:
ஐந்து நிமிடம் நிற்பது எனக்கு ஒப்பவில்லை டீச்சர், சூடு அடங்கிவிடும். புள்ளிக்கணக்கு சரி. அதுகூட நல்ல மூளைவேலை.

அரசலாற்றங்கரை:
டீச்சர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன், நிற்பதையும் சேர்த்து. சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ ஒருவழியில் எதிரே வந்தாலோ புள்ளி மொத்தமும் போகும். காலை ஆறரைக்குத் தொடங்கினால் கடை திறக்குமுன் பெரிய கடைத் தெருவைத் தாண்டிவிடலாம். அண்ணே, உங்கள் கடை வாசலில் ஒரு முத்திரை இடம் வைக்கலாமா?

பெரியகடைத்தெரு:
முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பாருங்கள், வாசலில் மேஜை போட்டுத் தருகிறேன். கோயிலுக்குள் ஓடுவதற்கு மட்டும் இன்னும் என் சம்மதம் இல்லை. சக்கரத்தைப் பார்க்கணும் என்றால் போட்டி முடிந்தபிறகு குளித்துவிட்டு எல்லோரும் சேர்ந்து போங்கள்.