சிம்பன்சிக் காப்பகத்தில் ஆறு மாதம்: அன்றாட வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

கோத்தகிரிப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியைச் சேர்ந்தவள். மசினகுடிப் பக்கம், கைவிடப்பட்ட கழுதைகளையும் நாய்களையும் பராமரிக்கும் ஓர் இடத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில், தாயை இழந்த சிம்பன்சிகளுக்கான காப்பகம் ஒன்றில் ஆறு மாதம் உதவிப் பராமரிப்பாளராக இருக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜனவரியில் புறப்பட வேண்டும். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் வேலையைப் பற்றிச் சமையலறை, துப்புரவு, கவனிப்பு, குறிப்பெழுதுதல் என்று நான்கு சொற்கள்தாம் இருக்கின்றன. படங்களிலோ எல்லாரும் ஒரு குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்பாவுக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. "நம் வீட்டு ஓட்டைப் பிரித்து இறங்கி வர்க்கி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிற குரங்கை விரட்ட ஆளில்லை, நீ கடல் கடந்து போய்க் குரங்குக்குக் கஞ்சி காய்ச்சப் போகிறாயா?" என்று கேட்கிறார். சிம்பன்சி குரங்கன்று, வாலில்லாத மனிதக் குரங்கினம் என்று விளக்கிப் பார்த்தேன். "அதிலும் குரங்கு என்றுதானே வருகிறது" என்று முடித்துவிட்டார்.

அங்கே நாள் எப்படிப் போகும், கழுதைகளோடு பழகிய கைக்கு அங்கே என்ன வேலை இருக்கும், புறப்படுமுன் எதையெல்லாம் முடித்துக்கொள்ள வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர் வாசகி எழுதியது:

தங்கைக்கு வாழ்த்துகள். நான் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு காப்பகத்தில் பதினான்கு மாதம் இருந்தவள். முதலில் அந்தப் படங்களை மறந்துவிடுங்கள். அத்தனை மாதத்தில் வளர்ந்த சிம்பன்சி எதையும் நான் கையால் தொட்டதில்லை. வளர்ந்த ஆண் 40 முதல் 60 கிலோ எடைதான் இருக்கும், ஆனால் அதன் பிடியில் அகப்பட்ட விரல் முழுதாகத் திரும்பி வருவது அதன் மனநிலையைப் பொறுத்தது. ஆகவே வேலை முழுவதும் கம்பி வலைக்கு இப்பால் நின்றுதான் நடக்கும்.

நாள் எண்ணிக்கையில் தொடங்கும். காலை ஆறரை மணிக்கு இரவுக் கூண்டின் முன் நின்று தலைகளை எண்ணுவோம். எண்ணும்போதே யார் முகத்தில் புதுக் கீறல் இருக்கிறது, யார் ஒரு காலை ஊன்றாமல் நடக்கிறார், யார் கஞ்சிக்குக் கை நீட்டவில்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும். ('அது' என்று எழுத எனக்கு இன்னும் கை வருவதில்லை.) பிறகு கதவைத் திறந்து அவர்களைக் காட்டுக்குள் விட்டதும் துப்புரவு. முந்தைய இரவு மெத்தைக்காகக் கொடுத்த வைக்கோலை அள்ளி, தளத்தைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, காய விட்டு முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். வைக்கோலைக் கிளறும்போதே யாருடைய மலம் இளகியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கழுதைக் கொட்டடியில் வேலை செய்த கை அங்கே முதல் நாளே மரியாதை பெறும், கவலைப்படாதீர்கள்.

அடுத்தது சமையலறை. காப்பகத்துக் காடு அவர்களுக்கு விளையாடவும் ஒளியவும் போதும், வயிற்றுக்குப் போதாது. உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்குள் இருக்கும் இங்காம்பா தீவுக் காப்பகம் 1998 இல் தொடங்கப்பட்டது. தீவு முழுவதும் சேர்த்தே சுமார் 100 ஏக்கர்தான். நம் பக்கம் ஒரு எஸ்டேட்டின் ஒரு டிவிஷன் அளவு. அங்கே சுமார் ஐம்பது சிம்பன்சிகள் வாழ்கின்றன. காட்டில் ஒரு கூட்டத்துக்குப் பல சதுர கிலோமீட்டர் தேவைப்படும். எனவே ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வேலிக்கு மேலாக உணவை எறிய வேண்டும். கூடை கூடையாக வாழைப்பழம், பப்பாளி, அன்னாசி எல்லாம் நறுக்கினோம். எறிவதில் ஒரு கணக்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டால் தலைவனும் அவன் கூட்டாளிகளும் அள்ளிக்கொள்வார்கள். முதலில் தலைவன் பக்கம் எறிந்து அவன் கையும் வாயும் நிறைந்த பிறகு, எதிர்ப்பக்கத்தில் தொலைவாக எறிந்தால்தான் கடைசி வரிசையில் இருப்பவளுக்கு ஏதாவது கிடைக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

புதியவர் என்று தெரிந்தால் வாயில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்து முகத்தில் பீய்ச்சுவார்கள். மலத்தையும் எறிவார்கள், குறியும் தவறாது. அப்போது சிரித்தும் விடாதீர்கள். பல் தெரிய இளிப்பது அவர்கள் மொழியில் அச்சத்தின் அடையாளம்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். ஒரு நாள் தளம் கழுவும் ரப்பர் குழாயை வலையிலிருந்து ஒரு முழத் தொலைவில் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு மூத்த பெண் சிம்பன்சி, கையை வெளியே நீட்டிக் குழாயின் முனையைப் பற்றி உள்ளே இழுத்துவிட்டாள். பறிக்க முயன்றால் பிடிவாதம் கூடும் என்று சொல்லி, அங்கே இருபது ஆண்டுகள் வேலை பார்த்த பராமரிப்பாளர் ஒருவர் ஒரு பிடி நிலக்கடலையோடு வந்து உட்கார்ந்தார். அவள் ஒரு கடலையைப் பார்த்தாள், குழாயில் ஒரு சாண் நீளத்தைக் கடித்துத் துண்டாக்கி, அதை மட்டும் நீட்டினாள். அடுத்த துண்டுக்கு அடுத்த கடலை. குழாய் பதினொரு துண்டுகளாக என்னிடம் வந்து சேர்ந்தது. அன்று முதல் தரையில் ஒன்றரை மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்த சிவப்புக் கோட்டை நான் தாண்டியதில்லை.

மாலை வேலையே எல்லாவற்றிலும் முக்கியமானது. பெயர் சொல்லி அழைத்து, கஞ்சி கொடுத்து, ஒவ்வொருவராக உள்ளே வாங்கி, மறுபடியும் எண்ண வேண்டும். பூட்டுகளை ஒருவர் பூட்டுவார். இன்னொருவர் வந்து ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்ப்பார். இது வெறும் சடங்கன்று. சியரா லியோனில், இலங்கையில் பிறந்த பாலா அமரசேகரன் 1995 இல் தொடங்கிய டாக்குகாமா காப்பகத்திலிருந்து 2006 ஏப்ரலில் 31 சிம்பன்சிகள் வெளியேறின. அன்று ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் உயிரிழந்தார். பெரும்பாலானவை பிறகு திரும்பிவிட்டன. அமரசேகரன் 1988 இல் 20 டாலர் கொடுத்து மீட்டு, தம் வீட்டிலேயே வளர்த்த புரூனோ திரும்பவேயில்லை. மனிதரோடு வளர்ந்த சிம்பன்சிக்கு மனிதரைப் பற்றிய அச்சம் போய்விடுகிறது. நம் கதவுகளின் இயல்பும் தெரிந்துவிடுகிறது. அந்தக் காப்பகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

உதகை கால்நடை மருத்துவர் எழுதியது:

பணி ஓய்வு பெற்றவன் என்பதால் நேரம் இருக்கிறது. மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். குன்னூர் அம்மையார் பழக் கூடைகளைப் பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். நாம் பயிரிடும் பழங்கள் காட்டு அத்திப்பழத்தைவிட மிகவும் இனிப்பானவை, நார்ச்சத்துக் குறைந்தவை. மனிதப் பராமரிப்பில் வாழும் சிம்பன்சிகளின் இறப்புக்கு இதய நோய் முதன்மையான காரணங்களுள் ஒன்று. இதயத் தசை நாராகி இறுகிப்போகிறது. இதற்குப் பழம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் உடல் பருமனையும் சர்க்கரையையும் வரவழைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக, நல்ல காப்பகங்கள் இன்று பழத்தைக் குறைத்துக் கீரை, முட்டைகோஸ், கேரட், இலைதழைகளைக் கூட்டிவருகின்றன.

அம்மா, நீங்கள் அவற்றிடமிருந்து பெறக்கூடிய நோயைவிட, அவற்றுக்குக் கொண்டுபோகக்கூடிய நோயைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013 இல், மனிதருக்குச் சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸ் சி என்னும் கிருமி பரவி, 56 சிம்பன்சிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் 5 மாண்டன. நமக்கு மூன்று நாள் மூக்கடைப்பு. அவற்றுக்கு அது நிமோனியா. மார்கழிப் பனியில் நம் ஊரில் சளி பிடிக்காதவர் யார்? ஜனவரியில் புறப்படும் நீங்கள், போய்ச் சேர்ந்ததும் சில நாள் தனித்திருக்கச் சொன்னால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொண்டை கரகரத்தால் அன்று வேலைக்குப் போகாதீர்கள்.

அவர்கள் காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். நாம் குழந்தையிலேயே பிசிஜி போட்டுக்கொண்டவர்கள் என்பதால், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை நோய் இல்லாதபோதும் வீங்கிக் காட்டக்கூடும். இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அதையும் மார்பு எக்ஸ்ரேவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அதற்கென அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் போட முடியும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். அந்த அட்டையைத் தொலைத்துவிட்டால் ஊர் திரும்பும்போதும் விமான நிலையத்தில் தடுத்து வைப்பார்கள். ஹெப்படைட்டிஸ் பி, தட்டம்மை, போலியோ, வெறிநாய்க்கடி ஆகியவற்றுக்கான ஊசிகளையும் கேட்டு முடித்துவிடுங்கள். மலேரியா மாத்திரையை அலட்சியம் செய்யாதீர்கள்; கொசுவைக் கண்டிராத மலைக்காரர்கள்தாம் அதில் முதலில் ஏமாறுகிறார்கள்.

தெப்பக்காட்டுக்காரன் எழுதியது:

அக்கா, என் தந்தை இங்குள்ள யானை முகாமில் காவடியாக, அதாவது பாகனின் உதவியாளராக இருந்தவர். எனக்குச் சிம்பன்சி தெரியாது, ஆனால் படித்துக்கொண்டு வரும்போது ஒன்று தோன்றியது. எங்கள் முகாமில் யானையைத் தொடாமல் ஒரு வேலையும் நடக்காது. மாயாற்றில் குளிப்பாட்டித் தேய்ப்பதும், கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிடித்த கவளத்தை வாய்க்குள் ஊட்டுவதும் கையால்தான். அங்கே பகலில் காட்டில் விட்டு இரவில் கூண்டில் அடைக்கிறார்கள். இங்கே இரவில் இழுவைச் சங்கிலியோடு காட்டில் விட்டு, காலையில் அந்தச் சங்கிலித் தடத்தைப் பிடித்துப் போய் அழைத்து வருகிறோம். ஆனால் அப்பா காலையில் யானையைக் கண்டதும் அதன் முகத்தைப் பார்க்கமாட்டார், முதலில் அதன் லத்தியை, அதாவது சாணத்தைத்தான் மிதித்துப் பார்ப்பார். அது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

தொடாமலே ஒரு விலங்குக்கு நம் மேல் நம்பிக்கை வருமா என்பதுதான் என் ஐயம்.

கோத்தகிரிப் பெண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் ஐயா, இக்ரா சோதனைக்கு நாளையே கோவைக்குப் போகிறேன். தம்பி கேட்டதையே நானும் கேட்க நினைத்தேன். தாயை இழந்து வரும் குட்டியை யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும்? அந்த வேலையை எனக்குத் தருவார்களா, அக்கா?

குன்னூர் வாசகி எழுதியது:

தரமாட்டார்கள், தந்தாலும் நீங்கள் மறுக்க வேண்டும் என்பது என் கருத்து. இறைச்சிக்காகத் தாயைச் சுட்ட பிறகு, அவள் உடலைப் பற்றிக்கொண்டிருந்த குட்டியைப் பிய்த்தெடுத்து விற்கிறார்கள். காட்டில் நான்கைந்து வயது வரை பால் குடித்து, எட்டு வயது வரையாவது தாயின் பக்கத்திலேயே இருக்க வேண்டிய உயிர் அது. காப்பகத்துக்கு வந்த முதல் மாதங்களில் இரவும் பகலும் ஒரு மனித உடம்பின் சூடு அதற்கு வேண்டும். இரண்டு மூன்று மணிக்கொரு முறை புட்டிப்பால் வேண்டும். அதைச் செய்பவர்கள் அந்த ஊர்ப் பெண்கள், அங்கேயே நிரந்தரமாக வேலை செய்பவர்கள். ஆறு மாதத்தில் ஊர் திரும்பப் போகிற நீங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்தால், அந்தக் குட்டி இரண்டாம் முறையாகத் தாயை இழக்கும்.

அவர்களும் மடியில் வைத்தே வளர்ப்பதில்லை. குட்டி உடல் தேறியதும் மற்றக் குட்டிகளோடு விடுவார்கள். பிறகு வலைக்கு அப்பால் ஒரு பெரிய பெண் சிம்பன்சியைக் காட்டுவார்கள். வலை வழியாக விரல் நீட்டி, முகர்ந்து, பேன் பார்த்துப் பழகிய பின்பே நடுக்கதவைத் திறப்பார்கள். நான் இருந்தபோது ஒரு குட்டிக்கு இது ஏழு வாரம் ஆயிற்று. கதவு திறந்த அன்று அது தன் வளர்ப்புத் தாயின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு அலறியது. அந்தக் குழாயைக் கடித்த அதே மூத்த பெண் உள்ளேயிருந்து வந்து, சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டி மேலங்கியை விட்டு, இரண்டடி நகர்ந்து, திரும்பி ஓடி வந்து, மறுபடி நகர்ந்து, கடைசியில் அந்த முதுகின் மேல் ஏறிக்கொண்டது. வளர்த்த பெண் எழுந்து, நடுக்கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கழுவும் வேலைக்குப் போனாள். தம்பி கேட்ட நம்பிக்கைக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

கொண்டுபோக வேண்டியவற்றில் ஒன்றை விட்டுவிட்டேன். மழைக்கோட்டு வாங்கும்போது பொத்தான் வைத்ததை வாங்காதீர்கள். தரையில் வரைந்த சிவப்புக் கோட்டுக்கு இப்பால் நின்றாலும் காற்றில் பறக்கும் ஓரம் அவர்கள் கைக்கு எட்டிவிடும், பொத்தான் முதலில் வாய்க்குத்தான் போகும். உதகை மார்க்கெட்டில் இழுப்பு ஜிப் வைத்தது கிடைக்கும். ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்போதும் ஈரமாகவே இருக்கும்.