மறு: எக்ஸ்ட்ரூட், ரிவால்வ் – பிழிவு, வனைவு எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஒரு கார்ட்டூன் ரோபோவைச் செய்ய, பிள்ளைகளுக்கான பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்டித் தலை, பானை வயிறு, குழாய்க் கைகள், உச்சியில் ஓர் ஆன்டெனா. எளிய உருவம்தான். ஆனால் முதல் பக்கத்திலேயே இரண்டு கட்டளைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடி நின்றுவிட்டேன்: தட்டையான வரைவை நேராக நீட்டும் எக்ஸ்ட்ரூட், அதை ஒரு கோட்டைச் சுற்றி வரச்செய்யும் ரிவால்வ். போன மடலில் ஐயா எழுதியது:

> எக்ஸ்ட்ரூட் – புறத்தள்ளல், ரிவால்வ் – சுழற்றல் என வைக்கலாம்.

ஐயா, சுழற்றலில் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்து முடித்த கையைத் தோளில் 30 பாகை திருப்புவதும் சுழற்றல்தானே? அது ரொட்டேட், இருக்கிற பொருளின் நிலை மட்டும் மாறுகிறது. ரிவால்வில் பொருளே அப்போதுதான் பிறக்கிறது. நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் வயிற்றின் வளைவை வரைந்து கொடுக்கிறோம். அது கோட்டைச் சுற்றி வந்து முழு வயிறாகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பிள்ளை எந்தப் பொத்தானை அழுத்தும்?

குயவர் செய்வதும் இதுதான். சக்கரம் சுற்றுகிறது, கை ஒரு பக்கத்தில்தான் அழுத்துகிறது, வடிவம் சுற்றிலும் வந்துவிடுகிறது. அதற்கு வனைதல் என்ற சொல் நம்மிடம் பழங்காலம் தொட்டே இருக்கிறது. ரிவால்வுக்கு வனைவு என்று வைப்போம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஃப்ரீகேட்டில் இதே வேலையைப் பொருளைக் கழிக்கும் விதமாகச் செய்ய குரூவ் என்று தனிக் கட்டளை இருக்கிறது. பம்பரத்தையும் கட்டில் காலையும் சுழலவிட்டு உளியால் செதுக்கி எடுப்பதைக் கடைசல் என்கிறோம். ஆக, சேர்த்தால் வனைவு, கழித்தால் கடைசல். இந்த இணையைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

சரி, எக்ஸ்ட்ரூட். தட்டையான வரைவு ஒன்றை நேராக நீட்டித் திண்மமாக்குவது. ரோபோவின் தலை ஒரு சதுரத்திலிருந்து இப்படித்தான் வருகிறது. புறத்தள்ளல் என்றால் யாரையோ ஒதுக்கி வைப்பது போலக் கேட்கிறது. முறுக்குக் குழலை நினைத்துப் பாருங்கள். தட்டில் நட்சத்திர ஓட்டை இருந்தால் முள்ளு முறுக்கு, வட்ட ஓட்டை என்றால் தேன்குழல், நீளக் கீறல் என்றால் ரிப்பன் பக்கோடா. எவ்வளவு நீளம் வந்தாலும் குறுக்குவெட்டு மாறாது. எக்ஸ்ட்ரூட்டின் இலக்கணமே அதுதான். அலுமினிய சன்னல் சட்டங்களையும் சூடாக்கிய உலோகத்தை அச்சுத் துளை வழியாகத் தள்ளித்தான் செய்கிறார்கள். எனவே பிழிவு.

பிழிதல் என்றால் துணியும் எலுமிச்சையும்தானே நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இடியாப்பத்தையும் பிழிகிறோம் என்றுதானே சொல்கிறோம்? அப்புறம், முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக் இழையைத் தள்ளும் உறுப்பு எக்ஸ்ட்ரூடர். உலாவி, வருடி போல அதைப் பிழிவி எனலாம். ஒரே வேரில் இரண்டும் கிடைக்கின்றன.

ஆங்கிலச் சொல்லோடு ஒட்டியே போக வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். அங்கேயே இது ஒரே பெயரில் இல்லை: ஃப்ரீகேட்டின் பார்ட் டிசைன் பகுதியில் பேட், சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளில் பாஸ். ஃப்ரீகேட்டில் பேடுக்கு எதிரானது பாக்கெட், அதாவது உள்ளே வெட்டி எடுப்பது. ரோபோவின் கண்குழிக்கு அதுதான் வேண்டும். அதற்குக் குடைவு. பொத்தானில் வினையாக எழுதாமல் பெயராகவே எழுத வேண்டும். ‘குடை’ என்றால் மழைக்குப் பிடிப்பது, ‘கடை’ என்றால் சாமான் வாங்கும் இடம் என்று பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். நீளும்போதே குறுகிப் போகும் வகையும் எக்ஸ்ட்ரூட்டில் உண்டு. முறுக்கு அப்படி வராது. அதைச் சரிவுப் பிழிவு என்று அடைமொழி சேர்த்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன்.

விளிம்பையும் மூலையையும் வளைவாக்கும் ஃபில்லெட் கட்டளைக்குத்தான் எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. தலையின் வெளி விளிம்பில் அது கூர்மையைச் சீவி எடுக்கிறது. கழுத்து உடலோடு சேரும் உள்மூலையில் பொருளைச் சேர்த்து வளைவாக்குகிறது. மழுக்கல் என்பது முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்கு ஒட்டவில்லை. தரையும் சுவரும் சேரும் மூலையில் சிமென்டை வளைத்துப் பூசுவார்களே, அதற்குக் கொத்தனார்கள் உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.